கோட்டை வாசலில் ஓர் எண்ணெய்க் குளியல்

நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு யாராவது ஒரு பயணக் கட்டுரை எழுதியே ஆக வேண்டும் என்று விமலா எல்லாருக்கும் கார்டு போட்டிருந்தாள். பட்டணத்தை விட்டு ஓடி வந்த பயணத்தை எல்லாரும் ஏற்கெனவே எழுதிவிட்டோம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சித்திரையில் நம் பள்ளிக்கூடம் மூடியதும் ஆளுக்கொரு ஊராகச் சிதறினோமே, அந்தக் கதை இனி யாருக்கும் வேண்டாம். ஆகவே ஆடி மாதத்தில் நானும் என் அப்பாவும், அதாவது நைனாவும், ஓர் இடிந்த கோட்டையை அளக்கப் போன கதையை எழுதுகிறேன்.

ஒரு நிபந்தனை. இதை அண்ணன், தம்பி, அப்பா, தாத்தா யார் கண்ணிலும் படாமல் படியுங்கள். பெண்களுக்குச் சொல்லலாம் என்று எனக்கு அனுமதி இருக்கிறது, ஆண்களுக்குச் சொல்ல அனுமதி இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். நானும் அத்தை வீட்டில் எல்லாரும் படுத்த பிறகுதான், சிம்னி விளக்கைச் சுற்றிக் காகிதம் கட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது திரும்பிப் படுத்தாலே எனக்குப் பேனா நழுவுகிறது.

நைனாவுக்குப் பழைய கோட்டை, கோயில், கல்வெட்டு இவற்றை அளந்து படம் போட்டு அனுப்பும் சர்க்கார் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அவருடன் அளவு நாடா பிடிக்கும் ஆள் குடும்பத்தோடு தெற்கே போய்விட்டார். எனக்கோ, பட்டணத்தில் விமானத் தாக்குதலுக்கான அபாயச் சங்கு ஊதிப் பழகிய நாள் முதல் சரியாகத் தூக்கமில்லை. பாத்திரம் விழுந்தாலும் மேசைக்கு அடியில் போய்விடுவேன். அத்தை மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்றாள். நைனா, "என்கூட வரட்டும். நாடாவுக்கு ஒரு முனை பிடிக்கட்டும்" என்றார்.

அத்தை வீடு இருக்கும் திருத்தணியில், ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பொதட்டூர்பேட்டைக்கு முதல் பஸ் காலை ஆறரைக்கு. நாங்கள் போன அன்று ஏழேகாலுக்குத்தான் கிளம்பியது. பெட்ரோல் இல்லாததால் இப்போது எல்லாம் கரிப் புகையில் ஓடும் கரி பஸ்தான். பின்னால் ஒரு பெரிய பீப்பாய். அதில் கரியைப் போட்டு, கிளீனர் ஒரு கைவிசிறியைச் சுழற்றுகிறார். மெதுவாக ஆரம்பித்து மேலே மேலே ஏறும் அந்தச் சத்தம் அப்படியே அபாயச் சங்கு மாதிரி இருந்தது. நான் நைனாவின் கையைப் பிடித்த பிடியில் அவர் விரலில் நகம் பதிந்துவிட்டது. அவர் மற்றக் கையால் டிக்கெட் வாங்கினார். அவருக்கு ஆறணா, எனக்கு மூன்றணா. பதின்மூன்று மைல் போக இரண்டரை மணி நேரம். மேடு வந்தால் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும், ஆகவே செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். முன்பக்கம் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்த நெசவுக்காரர் ஒருவர் வெள்ளை நூல் மூட்டையோடு ஏறி, சாம்பல் நூல் மூட்டையோடு இறங்கினார்.

பொதட்டூர்பேட்டையில் எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம். இட்லி ஒன்று அரையணா, சட்னி நிறையத் தருகிறார்கள். அங்கிருந்து குன்றுக்கு நாலு மைல் மாட்டு வண்டி, எட்டணா. வண்டிக்காரர் ஏகாம்பரம் எங்கள் மூங்கில் கழிகளையும் நாடாப் பெட்டியையும் பார்த்ததிலிருந்து திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார்.

"ஐயா, பீரங்கி வெக்கறதுக்கா மலைய அளக்கறீங்க?"

"இல்லப்பா. பழைய கோட்டைன்னு அளக்கறோம்."

"இடிஞ்சி போனத அளந்து இன்னா பண்றது? இடியறதுக்கு மின்ன வந்திருக்கணும்."

"அப்ப நான் பொறக்கலியே."

"ஆங், அதுவும் சரிதான்" என்று மாட்டைத் தட்டினார்.

குன்றின் பெயரை எழுதவில்லை. ஊர்க்காரர்கள் கோட்டைமலை என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கோட்டைமலை என்று சொல்லப்படும் குன்றுகள் பல இருப்பதால் அதனால் கெடுதல் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டை இருப்பதே தெரியாது. கிட்டே போனால்தான் பாறைக்கும் பாறைக்கும் நடுவில் கல் அடுக்கியிருப்பது தெரிகிறது. சுண்ணாம்பே இல்லாமல் கல்லின் மேல் கல், ஆள் உயரத்துக்கு மூன்று சுற்றுச் சுவர்கள். முக்கால்வாசி சரிந்துவிட்டது. உச்சியில் செங்கல்லில் கட்டிய தானியக் கிடங்கு ஒன்று, கூரை விழுந்து, உள்ளே அத்திமரம் முளைத்து நிற்கிறது. இரண்டு சுனைகள். ஒன்றில் கோடையிலும் தண்ணீர் இருக்குமாம். ஏற முக்கால் மணி நேரம் ஆகும். காலை பத்து மணிக்குமேல் பாறை சுடும்.

நான் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துச் சுவர் மூலையில் நிற்பேன். நைனா மறு முனையோடு நடந்து போய் அடி, அங்குலம் சொல்லுவார். மேலே நிற்கும்போது ஆடிக் காற்று ஆளையே தள்ளும். பயமாக இருக்கிறது என்று சொன்னால் அவர் முனையை லேசாக இரண்டு தடவை இழுப்பார். நானும் இரண்டு தடவை இழுப்பேன். இப்படியே முதல் நாள் பொழுது சாய்வதற்குள் மூன்று சுற்றையும் அளந்துவிட்டோம்.

அடிவார வாசலுக்கு வந்தபோதுதான் தகராறு. வாசல் தூண்கள் இரண்டும் நிற்கின்றன. இடது தூணுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கல், என் தோள் உயரம். முழுக்க மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பூசி அதன் மேல் ஒரு விரல் தடிமனுக்குப் பூச்சு. சிவப்புப் புடவை சுற்றி, குங்குமம் இட்டிருந்தது. பூச்சு உதிர்ந்திருந்த அடிப்பக்கத்தில் நைனா கையை வைத்துத் தடவினார். அவர் முகம் மாறியது. "எழுத்து இருக்கு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. உடனே குடத்தில் தண்ணீரையும் தேங்காய் நார் பிரஷ்ஷையும் எடுத்தார்.

அதற்குள் ஊரிலிருந்து இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் ரங்கம்மா. நாற்பது வயது இருக்கும், இடுப்பில் கை. பின்னால் அவருடைய கொழுந்தன் மனைவி கன்னியம்மா, நிறைமாதக் கர்ப்பிணி, மெதுவாக நடந்து வந்தார்.

"ஐயா, இன்னா பண்ணப் போறீங்க?"

"கழுவிட்டு, காகிதத்தை ஒட்டி எழுத்தைப் படி எடுக்கணும்மா."

"யாரக் கழுவப் போறீங்க?"

"இந்தக் கல்லைத்தான்."

"கல்லா? அம்மாளுங்க அது. ஆம்பள கை வெக்கற வழக்கமே இல்ல. உங்க வூட்டு அம்மாள நடுத்தெருவுல நிக்க வெச்சி நார் போட்டுத் தேச்சா சும்மா இருப்பீங்களா?"

நைனா குடத்தைக் கீழே வைத்தார். "தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க" என்று சொல்லி, கழிகளை எடுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு அழுகை வந்தது. யாரும் அவரை அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

நாங்கள் தங்கியது ஊர் பஜனைக் கோயிலில். சாப்பாடு ரங்கம்மா வீட்டில்தான், வேறு வழியில்லை. சண்டை போட்டவரே களியும் கீரையும் போட்டார். நைனா பாதிக் களியோடு எழுந்துவிட்டார். நான் பாத்திரம் கழுவித் தரப் பின்கட்டுக்குப் போனபோது கன்னியம்மா கேட்டார்.

"உங்க நைனா ஏன் பாப்பா சரியாவே துன்னல?"

நான் உள்ளதைச் சொன்னேன். இந்தப் பக்கத்துக் கோட்டைகளை யார் கட்டினார்கள் என்று நைனா பல வருஷமாகத் தேடுகிறார், எங்கேயும் ஓர் எழுத்துக்கூட கிடைத்ததில்லை, நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது என்றேன். அவர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது, இரண்டாவது ஆறாம் மாதத்தில். இந்த முறை நாள் தள்ளியதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி வேண்டிக்கொண்டு வருகிறார். இதோ ஒன்பதாம் மாதம்.

"யக்கா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அம்மாளுக்குத் தலைக்கு ஊத்தி எத்தினி வருசம் ஆவுது?"

"நான் வாக்கப்பட்டு வந்ததுலேந்து ஊத்தினதே இல்ல. ஏன்?"

"ஆடி மாசந்தானே. சீயக்கா போட்டு நாம ஊத்துவோம். அந்தக் காயிதத்த இந்தப் பாப்பா ஒட்டி எடுத்துக்கட்டும். பொட்டப்புள்ளதானே."

ரங்கம்மா வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்குத் தெரியுமா?"

தெரியாது. பட்டணத்தில் நைனா செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கல்லில் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் பாதி காய்ந்ததும் மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். அதுதான் மைப்படி. அந்தக் காகிதம் யுத்தம் வந்த பிறகு கிடைப்பதே இல்லை. நைனாவிடம் இரண்டே தாள் இருந்தது. ஆனால் அவர் மீதம் வைத்த களி ஞாபகம் வந்தது. தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஏழெட்டுப் பெண்கள். புடவைகளைக் கட்டி மறைப்பு வைத்தார்கள். நைனாவைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, அரப்பும் சீயக்காயும் போட்டு, பெண் பிள்ளைக்கு ஊற்றுவது போலவே பேசிக்கொண்டு ஊற்றினார்கள். "கண்ண மூடிக்கோம்மா, எரியும்" என்று ஒருவர் கல்லிடம் சொன்னார். மஞ்சள் பத்தை பத்தையாக உரிந்து வந்தது. கால் தெரிந்தது, கையில் வில் தெரிந்தது, இடுப்பில் ஒரு குறுவாள். கன்னியம்மாதான் முகத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்.

பெரிய மீசை. இரண்டு பக்கமும் சுருட்டி விட்ட, கன்னம் வரைக்கும் வந்த மீசை.

 செம்பு கன்னியம்மா கையிலிருந்து நழுவியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் இத்தினி நாளா யார் கையிலக்கா வேண்டிகினேன்?"

அந்தக் குரலை என்னால் எழுதிக் காட்ட முடியாது. என்னால்தானே, என் நைனா தேடும் எழுத்தால்தானே என்று நினைத்தேன். இந்தச் சமயத்தில் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ரங்கம்மா கல்லுக்கு முன்னால் குனிந்து மீசையை உற்றுப் பார்த்தார். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"யார் கையில வேண்டிகினியோ, அவரு கேட்டாரா இல்லியா? அஞ்சு மாசம் தாண்டிச்சா? ஆறு தாண்டிச்சா?"

"தாண்டிச்சி."

"அப்பறம் இன்னா? எம்மாம் வருசமா மஞ்சளப் பூசி, பொட்டு வெச்சி, புடவயக் கட்டிகினு வர்றோம். பாவம், ஒரு நாளு வாயத் தொறந்து வேணான்னு சொன்னாரா? இந்த ஊர்ல இப்பிடி ஒரு ஆம்பளயக் காட்டுடி பாக்கலாம்."

முதலில் ஒருவர் வாயைப் பொத்தினார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கன்னியம்மா அழுதுகொண்டே சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நைனா, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, நீங்க திரும்பாதீங்க!" என்று ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக வந்தன.

ரங்கம்மா என் காதருகில் வந்தார். "பாப்பா, இத ஆம்பளைங்க கையில சொல்லிடாத. ஆம்பள சாமின்னு தெரிஞ்சா நாளைக்கே கெடா வெட்டி, சாராயம் ஊத்தி அவங்க எடுத்துக்குவாங்க. எங்கள கிட்டயே வுட மாட்டாங்க. எங்களுக்குன்னு இருக்கறது இந்த ஒரு எடந்தான். இவளுக்கு இன்னும் ரெண்டு மூணு வெள்ளிக்கெழம பாக்கி கீது. பொம்பளைங்க கையில வேணா சொல்லிக்கோ."

நான் சத்தியம் செய்தேன்.

உருவத்தின் காலடியில் நாலு வரி எழுத்து. முதல் தாளை நனைத்து வைக்கும்போதே ஆடிக் காற்று ஒரு முனையைப் பிடுங்கியது. நான் பிடித்து இழுத்தேன், குறுக்கே கிழிந்துவிட்டது. மீதி இருந்தது ஒரே ஒரு தாள். கன்னியம்மா சிரமப்பட்டு முட்டி போட்டு, இரண்டாவது தாளின் மேல் முனைகளில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்தார். அவருடைய வயிறு கல்லோடு ஒட்டியிருந்தது.

"நீ அடி பாப்பா. நான் புடிச்சிக்கிறேன்."

"நடுவிலேர்ந்து ஓரத்துக்குத் தட்டும்மா! மெதுவா! மெதுவா!" என்று நைனா அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"இன்னாது, உங்க நைனா ஏரு ஓட்டறாப்பல கத்திகினு கீறாரு" என்றார் ரங்கம்மா.

நான் தட்டினேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு. கொஞ்ச நேரத்தில் கன்னியம்மா மெல்லச் சொன்னார், "நீ வெளிய தட்டறே, உள்ளேந்து இதுவும் கூடவே தட்டுது." அதற்குப் பிறகு எனக்கு ஒரு தட்டுகூடத் தவறவில்லை.

பாதி காய்ந்ததும் மை ஒற்றி, தாளை உரித்து எடுத்த மறு நிமிடமே அவர்கள் புதிதாக மஞ்சள் அரைத்துப் பூச ஆரம்பித்துவிட்டார்கள். மறைப்பை அவிழ்த்து நைனாவை விட்டபோது, புடவையும் பொட்டுமாக அம்மன் பழையபடி நின்றாள்.

பஜனைக் கோயிலில் தாளை விரித்து வைத்துக்கொண்டு நைனா எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். ராஜா பெயர் உடைந்திருந்தது. ஓர் ஆண்டு, ஊர்ப் பெயர், பிறகு ஓர் ஆளின் பெயர். கடைசி வரி எண்ணெய் விளக்குச் சூட்டில் பொரிந்து போயிருந்தது.

"இவன் கல்லை நட்டவனா இருக்கலாம். இல்லை, இந்தக் கோட்டையைக் காக்க சண்டை போட்டுச் செத்தவனா இருக்கலாம். செத்தவன்னா, இது இந்தப் பக்கத்துக்கே பெரிய விஷயம்." அவர் என்னைப் பார்த்தார். "உருவம் அம்மனா, வீரனான்னு தெரிஞ்சா சொல்லிடலாம். நீ பாத்தேல்ல?"

அவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. 

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன் நைனா."

"யார் கையில?"

"அவங்க எல்லார் கையிலயும்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். வெளியே ஏகாம்பரம் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தும் சத்தம் கேட்டது. கடைசியில் அவர் எழுதியதை எனக்கும் காட்டினார்: 'உருவம் முழுவதும் மஞ்சள் பூச்சால் மூடியுள்ளது. நான் காணக் கூடவில்லை.'

"நான் பாக்காததை நான் எழுதக் கூடாதும்மா" என்றார். பிறகு என் தலையில் கையை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

திரும்பி வரும்போது கரி பஸ்ஸின் விசிறிச் சத்தத்திலேயே அவர் தோளில் தூங்கிவிட்டேன். ஆனால் அத்தை வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடியும்போதே விழிப்பு வந்துவிடும். அந்தக் குளியலால் கன்னியம்மாவுக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன். யாரிடமும் கேட்க முடியாது.

இன்று சாயங்காலம் ஏகாம்பரம் வந்தார். சந்தைக்கு வந்தவர், நைனா கேட்டிருந்த ஏதோ கல் துண்டைக் கொடுக்க வந்தாராம். போகும்போது என்னைப் பார்த்து, "பாப்பா, கன்னியம்மாவுக்குப் பொட்டப்புள்ள பொறந்துக்குது. எட்டு நாளாவுது. தாயும் புள்ளயும் சொகமா கீறாங்க. உன் கையில கண்டிப்பா சொல்லணும்னு ரங்கம்மா நூறு வாட்டி சொல்லி அனுப்பிச்சி. ஏன்னு கேட்டா சிரிக்குது" என்றார். நைனா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். பிறகு மறுபடி தன் படத்தின் மேல் குனிந்துகொண்டார். நான் கொல்லைப்பக்கம் ஓடிப் போய் அழுதேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன். நேற்று வரை எழுதத் தைரியம் வரவில்லை.

யுத்தம் முடிந்து நாமெல்லாம் மறுபடி ஒன்று சேர்ந்தால் உங்களை அங்கே கூட்டிப் போக ஆசை. அதற்கு முன் யாராவது இந்தப் பக்கம் வந்தால் எனக்கு எழுதுங்கள், வழி சொல்லுகிறேன். ஆடியில் வராதீர்கள், கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்கள் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது, மலைமேல் காற்றும் அதிகம். மார்கழி, தை நல்லது. குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள், சுனைத் தண்ணீரில் பாசி இருக்கிறது. விடியற்காலையில் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். தானியக் கிடங்குக்குள் போகாதீர்கள், செங்கல் உதிர்கிறது. அடிவார வாசலில் ஆண்கள் யாராவது கூட வந்திருந்தால் முன்னால் அனுப்பிவிட்டு, நீங்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். கொஞ்சம் மஞ்சள் கொண்டு போங்கள். எங்கே வேண்டுமானாலும் பூசலாம், வேண்டிக்கொள்ளலாம், கேட்கும். ஆனால் மூக்குக்குக் கீழே மட்டும் சற்றுத் தடிமனாகப் பூசிவிட்டு வாருங்கள்.